ஊர்ப் பெரியவரின் பெயர் ஷுல்ட்ஸ்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஸ்ட்ராஸ்பூரிலிருந்து என் பேத்தி பேசினாள். அங்கே படிக்கப் போயிருக்கிறாள். குடியிருக்கும் வீட்டுக்காரப் பாட்டிக்கு ஷுல்ட்ஸ் என்று குடும்பப் பெயராம். "தாத்தா, இங்க தபால் பெட்டிங்களைப் பாத்தா ஷுல்ட்ஸ், ஷுல்ட்ஸ்னுதான் இருக்கு. எல்லாரும் சொந்தக்காரங்களா? இல்ல, நம்ம ஊர் ஜாதிப் பேர் மாதிரியா?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்க குமாஸ்தாவாக இருந்தவன் நான். அதில் பாதிக் காலம் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகளோடு போயிற்று. நம் புதுச்சேரிக்காரர்கள் இன்றும் 'எத்தா சிவில்' என்றுதான் அதைச் சொல்கிறோம். பெயர் என்றால் எனக்குப் பசி தெரியாது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். "ஜாதியும் இல்லை, சொந்தமும் இல்லை. அது ஓர் உத்தியோகம். எழுதி வைக்கிறேன், படித்துக்கொள்" என்றேன். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஜெர்மானியர்களிடம் மிகுதியாகக் காணப்படும் குடும்பப் பெயர்களில் முதல் பத்துக்குள் ஷுல்ட்ஸ் வரும். அந்தப் பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலும் தொழில்கள். ம்யூல்லர் என்றால் மாவு ஆலைக்காரர். ஷ்மிட் என்றால் கொல்லர். ஷ்னைடர் தையல்காரர், ஃபிஷர் மீன் பிடிப்பவர், வேபர் நெசவாளி, வாக்னர் வண்டி செய்பவர், பெக்கர் ரொட்டி சுடுபவர். இவர்களுக்கு நடுவில் ஷுல்ட்ஸ் மட்டும் கைத்தொழில் எதுவும் செய்யாத ஆள். அவர் ஊர்த் தலைவர். நம் பக்கத்துப் பழைய பேச்சில் சொன்னால் மணியக்காரர்.

ஷுல்ட்ஸ் என்பது சுருங்கிப்போன சொல். முழு வடிவம் ஷுல்ட்ஹைஸ். பழைய ஜெர்மன் மொழியில் அது ஸ்குல்ட்ஹைட்ஸோ. அதில் இரண்டு துண்டுகள் உண்டு. முதல் துண்டு 'ஷுல்ட்'. இன்றைய ஜெர்மனில் அதற்குப் பட்ட கடன் என்றும் பொருள், செய்த குற்றம் என்றும் பொருள். பழைய காலத்தில் ஒருவன் செலுத்த வேண்டிய கடமை என்ற பொருளும் இருந்தது. பிரெஞ்சில் இதை எனக்குப் புரியவைக்க ஆசிரியர் இரண்டு மூன்று சொற்களைத் தேடியிருப்பார். தமிழில் ஒரே சொல் போதும்: கடன். வாங்கிய கடனும் கடன்தான், காலைக் கடனும் கடன்தான், பெற்றவர்களுக்குச் செய்யும் இறுதிக் கடனும் கடன்தான். கொடுக்க வேண்டியதும் செய்ய வேண்டியதும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன.

இரண்டாவது துண்டு 'ஹைஸ்'. 'ஹைஸன்' என்ற வினைச்சொல்லுக்கு அந்தக் காலத்தில் 'கட்டளையிடு' என்று பொருள். ஆக, ஷுல்ட்ஹைஸ் என்றால், 'உன் கடனைச் செலுத்து, உன் கடமையைச் செய்' என்று ஊராருக்கு ஆணையிடுகிறவர். அதே ஹைஸன் என்ற சொல்லைத்தான் இன்றைய ஜெர்மானியர் 'என் பெயர் இன்னது' என்று சொல்லும்போது பயன்படுத்துகிறார்கள். ஷுல்ட்ஸ் என்பவர் தன் பெயரைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் தன் பெயரின் பாதியை இரண்டு தடவை சொல்கிறார். அவருக்கே இது தெரிந்திருக்காது.

எவ்வளவு பழைய உத்தியோகம் என்று கேட்டால், ஜெர்மனி என்ற நாடு உருவாவதற்கு வெகு முன்பே இருந்தது. லொம்பார்டு இனத்தார் வட இத்தாலியைப் பிடித்து ஆண்டபோது, அவர்களுடைய மன்னன் ரொத்தாரி 643-ல் வெளியிட்ட சட்டத் தொகுப்பிலேயே இந்த அதிகாரி வருகிறார். அந்த நாட்டில் அவருக்கு ஸ்குல்டஹிஸ் என்று பெயர்.

அந்த லொம்பார்டுகளின் வரலாற்றை எழுதிய பால் என்ற துறவி ஒரு கதை சொல்கிறார். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃப்ரியூலி என்ற வட்டாரத்தில் ஆர்காயித் என்ற ஸ்குல்டஹிஸ் இருந்தார். ஸ்லாவியக் கொள்ளையர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். இவர் துரத்திப் போனார், பிடிக்க முடியவில்லை. திரும்பி வந்தபோது வட்டாரத்தை ஆண்ட பிரபு ஃபெர்டுல்ஃப் எதிர்ப்பட்டு, நீ எங்கே வீரம் காட்டப்போகிறாய், உன் பெயரிலேயே 'ஆர்கா' இருக்கிறதே என்று கேலி செய்தார். ஆர்கா என்றால் அவர்கள் மொழியில் கோழை. ஒருவனை ஆர்கா என்று திட்டுவதே தண்டனைக்குரிய குற்றம் என்று ரொத்தாரியின் சட்டத்தில் இருந்தது. அப்படிப்பட்ட வசவு.

சில காலம் கழித்து ஸ்லாவியர்கள் பெரும்படையோடு வந்து ஒரு மலை உச்சியில் முகாம் போட்டார்கள். பிரபு பக்கவழியாகச் சுற்றிப்போகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்காயித் அவரிடம் வந்து, அன்றைக்கு என்னைக் கோழை என்றீர்களே, இப்போது அந்த மலைமேல் யார் பிந்தி ஏறுகிறாரோ அவர்தான் கோழை என்று சொல்லிவிட்டு, செங்குத்தான பாதையில் குதிரையை விட்டார். பிரபுவால் பின்தங்க முடியவில்லை. படையும் பின்னால் போனது. மேலேயிருந்து கல்லும் கோடரியும் உருண்டு வந்தன. இருவரும் மாண்டார்கள், ஃப்ரியூலியின் பிரபுக்கள் குலமே ஏறக்குறைய அழிந்தது. ஒரு பெயரைக் கேலி செய்ததற்குக் கிடைத்த விலை. பள்ளிக்கூடத்தில் பெயரை வைத்துக் கிண்டல் செய்த நண்பர்கள் சிலர் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

பிரெஞ்சிலும் இந்தச் சொல் போய் உட்கார்ந்திருக்கிறது. ஃப்ளாந்தர் பகுதி நகரங்களின் வரலாற்றைப் படித்தால் 'எகூத்தேத்' என்ற அதிகாரி வருவார். நான் மாணவனாக இருந்தபோது அது 'எகூத்தே', அதாவது 'கேள்' என்ற சொல்லிலிருந்து வந்தது, மக்களின் குறையைக் கேட்பவர் போலும் என்று நினைத்திருந்தேன். பிற்காலத்தில்தான் தெரிந்தது, அவரும் நம் ஷுல்ட்ஹைஸ்தான், பிரெஞ்சு உடை போட்டிருக்கிறார் அவ்வளவுதான். உண்மையில் அவர் கேட்டது குறையை அல்ல, பாக்கியை.

சரி, இந்த உத்தியோகம் எப்படி இத்தனை குடும்பங்களுக்குப் பெயராயிற்று?

பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து பதினான்காம் நூற்றாண்டு வரை ஜெர்மானிய விவசாயிகள் எல்பே நதிக்குக் கிழக்கே பெருங்கூட்டமாகக் குடியேறினார்கள். பிராண்டன்பர்க், பொமரேனியா, சைலீசியா, பிரஷ்யா எல்லாம் அப்படி ஊர் கண்ட இடங்கள். நிலத்துக்குச் சொந்தக்காரரான பிரபுவோ மடமோ தானே போய் ஆள் சேர்ப்பதில்லை. 'லொக்காட்டர்' என்ற ஓர் ஆளிடம் பொறுப்பைக் கொடுப்பார்கள். அவர் மேற்கே போய்க் குடும்பங்களைத் திரட்டி வருவார், காட்டை அளப்பார், மனையும் நிலமும் பிரித்துக் கொடுப்பார். ஊர் நிலைத்ததும் பெரும்பாலும் அவரே அதன் ஷுல்ட்ஸெ ஆவார்.

கூலியாக அவருக்கு வரியில்லாத நிலம் உண்டு. ஊர் நீதிமன்றத்தில் விதிக்கும் அபராதத்தில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு, மீதி இரண்டு பங்கு பிரபுவுக்கு. பல இடங்களில் சாராயக்கடை வைக்கும் உரிமையும் மாவு ஆலை உரிமையும் கிடைத்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, பதவி பரம்பரையாக மகனுக்குப் போகும். பதிலுக்கு அவர் பிரபுவுக்குச் சேரவேண்டியதை வசூலிக்க வேண்டும், ஊர்ப் பெரியவர்களை வைத்துக்கொண்டு வழக்கைத் தீர்க்க வேண்டும், மேலிடத்து உத்தரவை ஊருக்குச் சொல்ல வேண்டும். கிழக்குப் பிரஷ்யாவில் ஊரைக் கூட்டுவதற்கு நம் ஊர் போலத் தண்டோரா போடுவதில்லை. ஷுல்ட்ஸெயின் வளைந்த கோல் ஒன்று வீடு வீடாகக் கைமாறிப் போகும். கோல் வந்துவிட்டால் கூட்டம் என்று அர்த்தம்.

மானிய நிலம், பரம்பரைப் பதவி, வசூல், பஞ்சாயத்து. இதையெல்லாம் படிக்கும்போது, நம் பக்கத்து மணியக்காரர் வீட்டுத் திண்ணை எனக்குக் கண்முன் வந்தது. தேசம் வேறு, நூற்றாண்டு வேறு, ஆனால் நிலமும் வரியும் இருக்கும் இடத்தில் ஒரே மாதிரி ஆள் தேவைப்படுகிறார்.

இதே காலத்தில்தான் ஜெர்மன் நாடுகளில் குடும்பப் பெயர் என்ற வழக்கமும் வேர்விட்டது. முதலில் ரைன் நதிக்கரை நகரங்களிலும் தெற்கிலும் தொடங்கி, பிறகு மெல்ல வடக்கே பரவி, கிராமங்களுக்கு வந்து சேர்ந்தது. ஊரில் ஹான்ஸ் என்று பத்துப் பேர் இருந்தால் எப்படி அடையாளம் காண்பது? கொல்லர் ஹான்ஸ், ஆலைக்கார ஹான்ஸ், தலைவர் ஹான்ஸ். ஊரில் விவசாயிகள் நூறு பேர், ஆகவே 'விவசாயி' என்று சொன்னால் யாரையும் அடையாளம் காட்டாது. ஆனால் ஊருக்கு ஒரு கொல்லர், ஒரு ஆலைக்காரர், ஒரு தலைவர். ஒவ்வோர் ஊரிலும் ஒருவர் மட்டும் என்பதால்தான் நாடு முழுவதும் சேர்ந்து அவர்கள் பெருங்கூட்டம் ஆகிவிட்டார்கள். பேத்தி கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். ஷுல்ட்ஸ்கள் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் அல்லர். ஆயிரக்கணக்கான ஊர்களில் ஆயிரக்கணக்கான தலைவர்கள். அவர்களின் பிள்ளைகள் தனித்தனியாக ஒரே பெயரைப் பெற்றார்கள்.

வட்டாரத்துக்கு வட்டாரம் உச்சரிப்பு மாறியது. பிராண்டன்பர்க் பக்கம் ஷுல்ட்ஸ், ஷுல்ட்ஸெ. சைலீசியாவில் ஷோல்ட்ஸ். வெஸ்ட்ஃபாலியாவில் ஷுல்ட்டெ. தென்மேற்கில் சுருங்காமல் ஷுல்ட்ஹைஸ். ஸூரிச் நகரத்தில் ஷுல்ட்ஹெஸ். எழுத்தைப் பார்த்தே பூர்வீகம் எந்தப் பக்கம் என்று ஓரளவு சொல்லிவிடலாம். அண்மையில் பிரதமராக இருந்த ஓலாஃப் ஷோல்ட்ஸ் வடக்கே ஹாம்பர்க்கில் வளர்ந்தவர் என்றாலும், அவர் பெயரின் வடிவம் சைலீசியாவுக்கு உரியது. பவேரியாவில் ஷுல்ட்ஸ்கள் குறைவு, ஏனென்றால் அங்கே ஊர் அதிகாரிக்கு வேறு பட்டங்கள் இருந்தன.

வெஸ்ட்ஃபாலியாவில் இன்னொரு விசித்திரம். அங்கே ஷுல்ட்டெ என்பவர் பிரபுவின் தலைமைப் பண்ணையை நடத்தி, சுற்றியுள்ள சிறு பண்ணைகளின் தானியத்தை வசூலித்தவர். பெயர் ஆளுக்கு இல்லை, பண்ணைக்கு. பண்ணை வாரிசுப் பெண்ணை மணந்து வீட்டோடு வந்த மாப்பிள்ளை, தன் பிறந்த வீட்டுப் பெயரை விட்டுவிட்டுப் பண்ணைப் பெயரை ஏற்றுக்கொள்வார். பெண்தான் கணவன் பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஐரோப்பா முழுக்க எழுதாத விதி இருந்த காலத்தில், அந்த மண்ணில் நிலம் விதியைத் திருப்பிப்போட்டுவிட்டது.

பதினாறாம் நூற்றாண்டில் படித்தவர்களுக்கு லத்தீன் மோகம் வந்தது. ஷுல்ட்ஸெ என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது போலும். லத்தீனில் ஸ்குல்டெட்டுஸ் என்று மாற்றிக்கொண்டார்கள். இன்னும் ஆழமாகப் படித்தவர்கள் ரோமாபுரியின் 'பிரெட்டோர்' என்ற நீதிபதிப் பட்டத்தைப் பிடித்து பிரெட்டோரியுஸ் என்று வைத்துக்கொண்டார்கள். மேற்கத்திய இசை கேட்பவர்களுக்கு மிக்கேல் பிரெட்டோரியுஸ் என்ற இசையமைப்பாளரைத் தெரிந்திருக்கும். 1621-ல் இறந்தவர். அவர் வீட்டுப் பெயர் ஷுல்ட்ஸெதான். கோர்லிட்ஸ் நகரத்து வானியல் அறிஞர் பார்த்தொலொமேயுஸ் ஸ்குல்டெட்டுஸ் இன்னும் பொருத்தமானவர். பெயரிலும் தலைவர், பதவியிலும் அந்த நகரத்து மேயர்.

நகரத்து ஷுல்ட்ஹைஸ் கிராமத்தவரைவிடப் பெரிய ஆள். கவிஞர் கோத்தேயின் தாய்வழித் தாத்தா ஜான் வொல்ஃப்காங் டெக்ஸ்டர் 1747 முதல் பல ஆண்டுகள் ஃப்ராங்க்ஃபர்ட் நகரத்தின் ஷுல்ட்ஹைஸாக இருந்தார். பேரனுக்கு வைத்ததும் அந்தத் தாத்தாவின் பெயர்தான்.

எல்லை தாண்டியும் சொல் போனது. போலந்தில் கிராமத் தலைவரை இன்றும் 'சோவ்டிஸ்' என்கிறார்கள். ஜெர்மனியில் மறைந்த உத்தியோகம் பக்கத்து நாட்டில் உயிரோடு இருக்கிறது. ஹங்கேரியிலும் ஸ்லோவாக்கியாவிலும் 'ஷோல்டேஸ்' என்று குடும்பப் பெயராகவே ஆகிவிட்டது. 1763-ல் ரஷ்யப் பேரரசி கேத்தரீன் அழைத்து வோல்கா நதிக்கரையில் குடியேறிய ஜெர்மானியரோடு சிலர் போனார்கள். 1838-ல் மத நம்பிக்கைக்காகப் பிரஷ்யாவை விட்டுக் கப்பலேறிய லூத்தரன் சபையினரோடு தென் ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள். அமெரிக்காவுக்குப் போனவர்களைச் சொல்லி முடியாது. சார்லி பிரவுன், ஸ்னூப்பி நாய்க்குட்டி என்ற படக்கதையை வரைந்த சார்ல்ஸ் ஷுல்ட்ஸின் தகப்பனார் ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். ஊர்த் தலைவரின் பெயர், முடிதிருத்துபவரின் கடைப் பலகையில். பெயர் ஒரு கட்டத்துக்கு மேல் பதவியை நினைவு வைத்துக்கொள்வதில்லை.

நம் பக்கத்துக்கும் ஒரு ஷுல்ட்ஸெ வந்தார். காரைக்காலிலிருந்து வடக்கே சற்றுத் தொலைவுதான் தரங்கம்பாடி. 1706-ல் அங்கே வந்த சீகன்பால்க் பற்றி எல்லோருக்கும் தெரியும். அவர் 1719-ல் இறந்தார். அதே ஆண்டில் வந்து இறங்கியவர் பெஞ்சமின் ஷுல்ட்ஸெ. சீகன்பால்க் பாதியில் விட்டுப்போன பழைய ஏற்பாட்டுத் தமிழ் மொழிபெயர்ப்பை முடித்தவர் அவர். 1726-ல் சென்னைக்குப் போய் அங்கே மிஷன் வேலையைத் தொடங்கினார். தெலுங்கிலும் உழைத்தார், ஹிந்துஸ்தானிக்கு லத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். 1743-ல் ஊர் திரும்பி 1760-ல் ஹல்லே நகரில் காலமானார். அவர் பிறந்தது பிராண்டன்பர்க் நாட்டில். ஷுல்ட்ஸெ என்ற பெயர் விளைந்த மண் அது. ஏடுகளில் அவர் பெயரை ஷுல்ட்ஸ் என்றும் ஷுல்ட்ஸெ என்றும் இரண்டு மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள். யாரும் அதைத் தவறாக நினைக்கவில்லை. அந்தக் காலத்தில் பெயர் காதுக்குத்தான் சொந்தம்.

நேரில் வராமலே நம் வாழ்க்கையில் நுழைந்த இன்னொரு ஷுல்ட்ஸெ உண்டு. ஹெர்மன் ஷுல்ட்ஸெ, 1808-ல் டெலிட்ஷ் என்ற ஊரில் பிறந்தவர். 1848-ல் பிரஷ்ய தேசிய சபைக்கு உறுப்பினராகப் போனார். அங்கே போனால் இன்னும் பல ஷுல்ட்ஸெக்கள். ஆகவே ஊர்ப் பெயரைச் சேர்த்து ஷுல்ட்ஸெ-டெலிட்ஷ் ஆனார். நாம் இனிஷியல் போடுவது போல. சிறு கைவினைஞர்கள் வட்டிக்காரர்களிடம் சிக்காமல், தங்களுக்குள் பங்கு போட்டுப் பணம் சேர்த்துக் கடன் கொடுத்துக்கொள்ளும் சங்கங்களை அவர் அமைத்தார். கிராமங்களுக்கு அதையே வேறு விதமாகச் செய்தவர் ரைஃபைஸன்.

சென்னை அரசு ஃப்ரெட்ரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவின் இந்தச் சங்கங்களை ஆராய்ந்து வரச் சொன்னது. அவருடைய அறிக்கை 1895-லும் 1897-லும் இரண்டு பகுதிகளாக வந்தது. பிறகு 1904-ல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. நகரக் கூட்டுறவு வங்கியில் பங்குத் தொகை கட்டி, இரண்டு ஜாமீன்தாரரைப் பிடித்து, பெண்ணின் கல்யாணத்துக்குக் கடன் வாங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்! நானும் வாங்கியிருக்கிறேன். அந்த ஏற்பாட்டின் ஒரு வேர் டெலிட்ஷ் ஊரில் இருக்கிறது. கடனைக் கொடு என்று ஆணையிட்டவர்களின் பெயரைத் தாங்கிய ஒருவர், கடன்பட்டவனுக்குத் துணையாக நின்றார் என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

இனி பதிவேட்டுக்கு வருகிறேன். அது என் சொந்த ஊர் மாதிரி.

ஷுல்ட்ஸ் என்ற பெயர் 'இசட்' மட்டும் போட்டு ஒரு விதம், 'டி இசட்' போட்டு ஒரு விதம், கடைசியில் 'இ' சேர்த்து இன்னும் இரண்டு விதம் என்று இருக்கிறது. தகப்பன் ஒரு விதமாகவும் மகன் ஒரு விதமாகவும் எழுதியதுண்டு. பாதிரியார் எப்படி எழுதுகிறாரோ அப்படி. இது நின்றது அரசாங்கம் பதிவேட்டைக் கையில் எடுத்த பிறகுதான். பிரான்சில் 1792 செப்டம்பர் 20-ம் தேதிச் சட்டம் பிறப்பு இறப்புப் பதிவைக் கோயிலிலிருந்து நகராட்சிக்குக் கொண்டுவந்தது. 1794-ல் வந்த இன்னொரு சட்டம், பிறப்புப் பதிவில் உள்ளதைத் தவிர வேறு பெயரை எவரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்றது. பிரெஞ்சுப் படை ரைன் நதிக்கரையைப் பிடித்தபோது அந்த முறையும் கூடவே போனது. ஜெர்மனி முழுவதற்கும் அரசாங்கப் பதிவு 1876 ஜனவரி முதல் தேதி வந்தது. அன்று குமாஸ்தா எந்த எழுத்தில் எழுதினாரோ அதுவே பரம்பரைக்கு நின்றது.

நம் புதுச்சேரியிலும் அதே பிரெஞ்சுச் சட்டத்தின் கை பட்டிருக்கிறது. 1881 செப்டம்பர் 21-ம் தேதி ஆணைப்படி சொந்த வழக்கச் சட்டத்தை விட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற 'ரெனோன்சான்'கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை லாப்போர்த் ஆனார். லாப்போர்த் என்றால் கதவு. ஜெர்மானியருக்கு நானூறு ஐந்நூறு ஆண்டுகள் எடுத்தது, இங்கே பலருக்கு ஒரு மேஜைக்கு முன்னால் ஒரு காலைப்பொழுதில் நடந்து முடிந்தது.

அப்படி ஒரு மேஜைக்குப் பின்னால் நானும் உட்கார்ந்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. பழைய பிரெஞ்சுப் பதிவேட்டிலிருந்து ஒரு பிறப்புச் சான்றைப் பெயர்த்தெழுதும்போது தகப்பனார் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன். அந்தத் தாளை வாங்கிப்போனவர் பழைய பிரெஞ்சு இராணுவக்காரர். பென்ஷன் காகிதத்தில் ஒரு விதம், என் தாளில் ஒரு விதம். பணம் எட்டு மாதம் நின்றுபோயிற்று. கோர்ட்டு வரை போய்த் திருத்திக்கொண்டு வந்தார். என்னிடம் கோபப்படவில்லை. திருத்திய தாளை மேஜைமேல் வைத்து, "தம்பி, எங்க அப்பா பேரை எழுதறப்ப என்ன ஞாபகத்துல இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு பெயரையும் எழுதி முடித்து, வாய்விட்டு ஒருமுறை படித்துக் காட்டாமல் யாரையும் அனுப்பியதில்லை.

ஓர் எழுத்து எட்டு மாதத்தைத் தின்னும் என்றால், ஒரு பதிவேடு அதற்கு மேலும் செய்யும். 1787-ல் ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப் தன் ஆட்சியில் இருந்த யூதர்கள் அனைவரும் ஜெர்மன் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டார். அவர் ஆண்ட கலீசியா நாட்டில் ட்ரோஹோபிச் என்று ஒரு சிற்றூர். இப்போது உக்ரைனில் இருக்கிறது. அங்கே ஒரு யூதத் துணி வியாபாரியின் மகனாக 1892-ல் பிறந்தவர் புரூனோ ஷுல்ட்ஸ். பள்ளியில் ஓவிய ஆசிரியர். போலிஷ் மொழியில் கதைகள் எழுதினார். இரண்டே சிறுகதைத் தொகுதிகள்தான், அவற்றாலேயே அந்த மொழியின் பெரிய எழுத்தாளர்களில் ஒருவராக மதிக்கப்படுகிறார்.

1938-ல் ஜெர்மனியின் நாஜி அரசு இன்னோர் ஆணை போட்டது. யூதப் பெயர்கள் என்று அது போட்ட பட்டியலில் இல்லாத பெயருடைய யூதர்களில் ஆண்கள் இஸ்ரயேல் என்றும் பெண்கள் சாரா என்றும் பெயரோடு சேர்த்து எழுத வேண்டும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எங்களைப் போல ஆகுங்கள் என்று ஜெர்மன் பெயரைக் கொடுத்தவர்களின் மொழியிலேயே, நீங்கள் எங்களவர் இல்லை என்று அடையாளம் போட்டார்கள். அதை ஊர் ஊராகப் பதிவேட்டில் ஏற்றியவர்கள் என்னைப் போன்ற குமாஸ்தாக்கள். நல்ல கையெழுத்தில், பிழையில்லாமல் எழுதியிருப்பார்கள்.

ட்ரோஹோபிச்சை ஜெர்மானியர் பிடித்தபோது, ஒரு கெஸ்டாப்போ அதிகாரி தன் பிள்ளையின் அறைச் சுவரில் தேவதைக் கதைப் படங்கள் வரைய புரூனோ ஷுல்ட்ஸை வைத்துக்கொண்டார். அந்த வேலை அவருக்குச் சிறிது காலம் உயிர்ப்பிச்சை கொடுத்தது. 1942 நவம்பர் 19 அன்று தெருவில் வைத்து இன்னொரு கெஸ்டாப்போக்காரர் அவரைச் சுட்டுக் கொன்றார். சுவர்ச் சித்திரங்கள் 2001-ல் வெள்ளைப்பூச்சுக்கு அடியிலிருந்து கண்டுபிடிக்கப்பட்டன. ஷுல்ட்ஸ் என்ற நல்ல ஜெர்மன் பெயர் அவரைக் காப்பாற்றவில்லை.

போர் முடிந்த பிறகு கிழக்கே இருந்த ஜெர்மானியர் ஒரு கோடிப் பேருக்கு மேல் வீடு வாசலை விட்டு மேற்கே விரட்டப்பட்டார்கள். சைலீசியாவும் கிழக்குப் பொமரேனியாவும் போலந்து ஆயின. லொக்காட்டர்கள் ஊர் கண்ட மண்ணில் இன்று ஷோல்ட்ஸ் குடும்பங்கள் அரிது. மேற்கே கைவண்டியோடு போனவர்கள் எடுத்துப்போன சொத்துகளில் பெயரும் ஒன்று.

உத்தியோகமும் போய்விட்டது. பிரஷ்யாவில் பரம்பரை ஷுல்ட்ஸெ பதவியை 1872-ம் ஆண்டுச் சட்டம் முடித்துவைத்தது. வ்யூர்ட்டம்பெர்க்கில் 1930 வரை ஷுல்ட்ஹைஸ் என்ற பட்டம் இருந்து, பிறகு மேயர் ஆயிற்று. தமிழ்நாட்டில் 1980-ல் மணியக்காரர், கர்ணம் பதவிகள் எடுக்கப்பட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பதவி போய் நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் 'மணியக்காரர் வீடு' என்றுதான் வழி சொல்கிறோம். நம் ஊரில் வீட்டோடு நின்றது, அங்கே இரத்தத்தோடு போயிற்று.

இவ்வளவையும் பேத்திக்கு எழுதி அனுப்பினேன். அவள் அதை வீட்டுக்காரப் பாட்டிக்குப் பிரெஞ்சில் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் தன் தகப்பனாரின் காகிதங்களை எடுத்துக் காட்டினாராம். ஆல்சாஸ் 1871-ல் ஜெர்மனிக்குப் போய், 1918-ல் பிரான்சுக்குத் திரும்பி, 1940-ல் மறுபடி ஜெர்மானியர் கைக்குப் போய், போர் முடிவில் திரும்பவும் பிரான்சானது. ஒரே மனிதர் ஒரு தாளில் ழான், அடுத்ததில் ஹான்ஸ், அதற்கடுத்ததில் மறுபடி ழான். ஷுல்ட்ஸ் மட்டும் எல்லாத் தாளிலும் ஓர் எழுத்துப் பிசகாமல் அப்படியே இருக்கிறதாம்.

அதை எழுதிய அந்த ஊர் குமாஸ்தாக்கள் மூன்று நான்கு பேரையும் நினைத்துக்கொண்டேன். யாரோ ஒருவர் எழுதி முடித்து வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்க வேண்டும்.